வீட்டுத் திரைக்கு எசமானர் யார்?

வாயிற்கதவைத் தட்டாமல் உள்ளே நுழைபவனை நாம் விருந்தாளி என்று அழைப்பதில்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய கதிரையில் நாம் அமருமுன்னரே ஒரு வியாபாரி வந்து குந்திக் கொண்டு, "முதலில் என் சரக்கைப் பாருங்கள், பிறகு உங்கள் கதிரையைத் தருகிறேன்" என்று சொல்வானாயின், அவனைப் பொறுத்துக் கொள்ளும் வீட்டுக்காரர் எவரும் இலர். ஆயினும் இன்று பல வீடுகளிலே மாலைதோறும் நடைபெறுவது ஏறக்குறைய இதுவேயாம். தொலைக்காட்சியைப் போட்டதும், நாம் தேடிய நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு விளம்பரம் வந்து திரையை அடைத்துக் கொள்கின்றது. நிகழ்ச்சியின் நடுவே வரும் விளம்பரத்தைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. நிகழ்ச்சி எதுவும் தொடங்குமுன்பே, பெட்டியின் முகப்பிலே குடியேறிவிட்ட விளம்பரத்தைப் பற்றியே பேசுகின்றோம்.

இணையத்தின் வழியாகப் படங்களையும் பாடல்களையும் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டுவரும் ஸ்ட்ரீமிங் பெட்டிகளும், அப்பெட்டியின் வேலையைத் தம்முள்ளேயே அடக்கிய 'ஸ்மார்ட்' தொலைக்காட்சிகளும் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. அவற்றின் விளம்பரத் தொல்லையிலிருந்து மீள வழி உண்டா, உண்டெனில் அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை யாது என்பவற்றை இவ்வாரம் ஆராய்வோம். இது குடும்பத்தினர் அனைவருக்கும் பொதுவான விஷயமாயினும், இதில் மாணாக்கருக்குச் சிறப்பான பங்கு ஒன்று உண்டு.

பழைய உடன்பாடு

விளம்பரம் நேற்று முளைத்த காளான் அன்று. 1941ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி, நியூயோர்க் நகரில், புலோவா என்னும் கைக்கடிகாரக் கொம்பனியின் சிறு விளம்பரம் ஒன்று தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. உரிய அனுமதியுடன் ஒளிபரப்பான முதல் தொலைக்காட்சி விளம்பரம் அதுவே என்பர். நமது நாட்டிலும் 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1952இல் அதிலே தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி, ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கிக் கொண்டே பாரத நாடெங்கும் புகழ் பெற்றது.

அக்காலத்து உடன்பாடு தெளிவானது. நிகழ்ச்சி இலவசம், அதற்கு ஈடாக நாம் சிறிது நேரம் விளம்பரத்தைக் கேட்போம். ஆனால் வானொலிப் பெட்டி நம்முடையது. நாம் திருகிய குமிழுக்கு அது பணிந்தது. நாம் எந்தப் பாட்டைக் கேட்டோம், எந்நேரம் அணைத்தோம் என்பதை அது எவரிடமும் கோள் சொல்லவில்லை. விளம்பரம் வேண்டாதவர் எழுந்து போய்த் தேநீர் வைத்துவிட்டு வரலாம். அவரைத் தடுப்பார் இல்லை.

பாராமுகம் காட்டும் இவ்வுரிமையை வளர்ப்பதற்கென்றே யந்திரங்களும் செய்யப்பட்டன. அமெரிக்காவின் ஸெனித் கொம்பனி 1955இல் 'பிளாஷ்-மாற்றிக்' என்ற கருவியை வெளியிட்டது. யூஜின் பொல்லி என்னும் பொறியியலாளர் ஆக்கிய இக்கருவி, கைத்துப்பாக்கி போன்ற ஒரு விளக்கு. அதன் ஒளியைத் தொலைக்காட்சியின் ஒரு மூலையிற் பாய்ச்சினால், படம் ஓடிக்கொண்டிருக்க விளம்பரத்தின் ஓசை மட்டும் அடங்கிவிடும். சூரிய ஒளி பட்டாலும் அலைவரிசை மாறிவிடும் என்ற குறை அதற்கு இருந்தது மெய்யே. ஆனால், தொந்தரவான விளம்பரத்தை வாயடைக்கச் செய்யலாம் என்று கூறியே ஒரு கொம்பனி தன் சரக்கை விற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று பெட்டி செய்தவர் பார்ப்பவரின் பக்கம் நின்றார். பின்னர் 1984இல், பின்னொரு நேரம் பார்ப்பதற்காக வீட்டிலே நிகழ்ச்சியைப் பதிந்து வைத்தல் சட்டவிரோதமன்று என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் சோனி கொம்பனியின் 'பீற்றாமக்ஸ்' வழக்கிலே தீர்ப்பளித்தது. ஐந்து நீதியரசர் ஒரு பக்கமும் நால்வர் மறு பக்கமுமாக, ஒரே வாக்கினால் நிலைத்த உரிமை அது.

உடன்பாடு மாறிய கதை

இவ்வுடன்பாடு எவ்வாறு மாறியது என்பதை ஒருவரின் தொழில் வாழ்க்கையே காட்டும். அன்ரனி வூட் என்பார் 1990களின் இறுதியில் 'ரீப்ளே ரிவி' என்னும் பதிவுக் கருவியை ஆக்கினார். பதிந்த நிகழ்ச்சியில் ஒரு பொத்தானை அழுத்தி 30 வினாடிகளைத் தாண்டிச் செல்லும் வசதி அதில் இருந்தது. ஒரு விளம்பரத்தின் வழக்கமான நீளமும் அதுவே. அந்நிறுவனம் 2001இல் கைமாறிய பின், விளம்பரங்களைத் தானாகவே தாண்டும் வசதியும் சேர்க்கப்பட்டது. உடனே தொலைக்காட்சிக் கொம்பனிகளும் படக் கொம்பனிகளும் வழக்குத் தொடுத்தன. புதிய உரிமையாளரான சொனிக்புளூ 2003இல் முறிவடைந்தது. அடுத்து வந்தவர்கள் அவ்வசதியை நீக்கிவிட்டே கருவியை விற்றனர்.

அன்ரனி வூட் 2002இல் வேறொரு கொம்பனியைத் தொடங்கியிருந்தார். அது அவருடைய ஆறாவது கொம்பனி. ஆகவே யப்பானிய மொழியில் ஆறு என்று பொருள்படும் 'றோக்கு' என்ற பெயரை அதற்கு இட்டார். 2008இல் நெற்ஃபிளிக்ஸ் படங்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரும் சிறு பெட்டியை றோக்கு விற்பனைக்கு விட்டது. அக்கொம்பனியின் 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், மொத்த வருமானம் ஏறத்தாழ 411 கோடி டொலர். அதில் 350 கோடி டொலருக்கு மேற்பட்டது விளம்பரம், சந்தாத் தரகு முதலியவற்றால் வந்தது. பெட்டிகளை விற்ற கணக்கிலோ நட்டமே. விளம்பரத்தைத் தாண்டும் கருவியை ஆக்கிய ஒருவர், விளம்பரத்தால் வாழும் பெட்டியை நாட்டிய கதை இது. அவரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. அவர் மாறியதன் காரணமே நமக்குப் பாடம். பெட்டியை நட்டத்துக்கு விற்பவர் அந்த நட்டத்தை எங்கேயோ ஈடு செய்தாக வேண்டும். வாங்கிய பின் நாம் அப்பெட்டியின் முன் கழிக்கும் ஒவ்வொரு மாலையுமே அந்த ஈடு.

ஆகையால், வாங்கும்போது இல்லாத விளம்பரம் வாங்கிய பின் முளைப்பதும் சகஜமாயிற்று. 2021ஆம் ஆண்டில் அண்ட்ரொயிட் ரிவி முகப்பு புதுப்பிக்கப்பட்டபோது, என்விடியா ஷீல்ட் என்னும் விலை மிகுந்த பெட்டியிலும் பெரிய விளம்பரப் படங்கள் தோன்றின. பணம் கொடுத்து வாங்கியவர்கள் சினந்து, முகப்புச் செயலிக்கு ஆகக் குறைந்த மதிப்பெண்ணை வரிசையாக வழங்கினர். 2023 நவம்பரில் அமேசனின் ஃபயர் ரிவிப் பெட்டிகள், விழித்தெழுந்தவுடன் திரை முழுவதும் விளம்பரப் படத்தைத் தாமாகவே ஓட்டத் தொடங்கின. 2024 ஜனவரியில் அதே கொம்பனியின் பிறைம் வீடியோவில், சந்தா கட்டியோருக்கும் விளம்பரம் வந்தது. அமெரிக்காவில் அதை நீக்க மாதம் 2 டொலர் 99 சதம் கூடுதலாகக் கேட்கப்பட்டது. பழைய உடன்பாட்டில் விளம்பரத்தைக் கேட்டவன் காசு கொடுக்கவில்லை. புதிய ஏற்பாட்டில் காசும் கொடுத்து விளம்பரத்தையும் பார்க்கின்றான்.

பார்ப்பவரைப் பார்க்கும் திரை

தொல்லை இத்துடன் முடிந்தால் பொறுத்துக் கொள்ளலாம். விளம்பரக்காரருக்கு வேண்டியது நமது நேரம் மட்டுமன்று. நம்மைப் பற்றிய செய்தியுமாம். இன்றைய ஸ்மார்ட் தொலைக்காட்சிகளில் தானியங்கி உள்ளடக்க இனங்காணல் என்றொரு முறை உண்டு. திரையில் ஓடும் படத்தின் சிறு துணுக்குகளை அது இடையிடையே எடுத்து, அவற்றை ஒரு பட்டியலுடன் ஒப்பிட்டு, இவ்வீட்டார் இன்ன நேரத்தில் இன்ன காட்சியைப் பார்த்தனர் என்று கண்டு கொள்கின்றது. இணையத்தில் வந்த படமாயினும், இறுவட்டில் ஓடிய படமாயினும் அதற்கு வேற்றுமை இல்லை.

இது வெறும் ஐயம் அன்று. விசியோ என்னும் தொலைக்காட்சிக் கொம்பனி, 1 கோடி 10 இலட்சம் தொலைக்காட்சிகளிலிருந்து வினாடிக்கு வினாடி பார்வை விபரங்களை, பார்ப்பவரின் இசைவு பெறாமலே திரட்டி விற்றது என அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2017 பெப்ரவரியில் 22 இலட்சம் டொலர் செலுத்தி அக்கொம்பனி வழக்கைத் தீர்த்துக் கொண்டது. 2025 டிசம்பரில், இதே முறையைக் காரணங் காட்டி, டெக்சஸ் மாநிலச் சட்டமா அதிபர் ஐந்து பெரிய தொலைக்காட்சி உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுத்தார்.

தாய் தந்தையர் இதனைச் சற்று ஆழ்ந்து எண்ண வேண்டும். பிள்ளை எந்தக் கேலிச் சித்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கின்றது, பாட்டனார் எந்நேரம் உறக்கமின்றி எழுந்து திரையின் முன் அமர்கின்றார், வீட்டில் யார் எந்த நோயைப் பற்றிய நிகழ்ச்சியைத் தேடினர் என்பவையெல்லாம் அயலவருக்கும் நாம் சொல்லாத செய்திகள். அவற்றை நாம் முகம் காணாத வியாபாரிக்கு ஒரு பெட்டி சொல்லிக் கொண்டிருப்பது நமக்கு உவப்பாகுமா?

திறந்த மூலம் என்பது யாது?

இந்நிலைக்கு மாற்றாக நிற்பவை திறந்த மூல மென்பொருள்கள். கடையில் வாங்கும் கறித்தூளில் என்னென்ன சேர்த்து அரைத்தார்கள் என்பது அரைத்தவருக்கே தெரியும். அயல் வீட்டு ஆச்சி தமது கறித்தூளின் செய்முறையை எழுதித் தந்தாராயின், நாம் அதைப் படிக்கலாம், உறைப்பைக் குறைக்கலாம், மற்றவர்க்கும் கொடுக்கலாம். மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் விடுவதே திறந்த மூலம். அமெரிக்கரான றிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983இல் 'க்னு' என்னும் திட்டத்தை அறிவித்து, இவ்வுரிமையை ஓர் இயக்கமாகவே நடத்தினார்.

நமது நாட்டுக்கு இது புதியதன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அடித்து, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் கணக்கிட வழியின்றித் தவித்தபோது, இலங்கைக் கணினித் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் 'சகனா' என்ற மென்பொருளை ஆக்கினர். திறந்த மூலமாக வெளியிடப்பட்டமையால் அது பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

திரைக்கு உரிய மென்பொருள்களிலும் மாணாக்கரின் கைவண்ணமே முந்தி நிற்கின்றது. பலர் அறிந்த வீ.எல்.சி. என்னும் படம் ஓட்டும் செயலி, 1996இல் பாரிஸ் நகர்ப் பொறியியற் கல்லூரியொன்றின் மாணவர் திட்டமாகப் பிறந்தது. விடுதியின் வலையமைப்பை வேகமாக்கிக் கொள்ள அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வலையமைப்பின் வழியே தொலைக்காட்சி காட்டுவோம் என்று கிளம்பினர். 2001இல் அது திறந்த மூலமாயிற்று. உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும் அச்செயலியில் இன்றுவரை ஒரு விளம்பரமும் இல்லை.

வீட்டிலே செய்யத்தக்கவை

இனிச் செயலுக்கு வருவோம். எளிதானதிலிருந்து கடினமானதற்கு ஒழுங்காகச் சொல்லுகின்றோம்.

முதலாவது, காசும் உழைப்பும் வேண்டாத வழி. இருக்கும் தொலைக்காட்சியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பார்வைத் தகவல், இனங்காணல், விளம்பரத் தனிப்பயனாக்கம் என்னும் பெயர்களில் உள்ளவற்றை அணைத்து விடுக. ஃபயர் ரிவி வைத்திருப்போர், முகப்பிலே படமும் ஒலியும் தாமாக ஓடுவதை அமைப்புப் பக்கத்தில் நிறுத்தலாம். விளம்பரம் அடியோடு ஒழியாது, ஆனால் கூச்சலிடாது. ஸ்மார்ட் தொலைக்காட்சியை இணையத்தோடு இணைக்காமல் வெறுந் திரையாகவே வைத்துக் கொள்வது இதனினும் நன்று. இணையம் இல்லாத திரை கோள் சொல்ல மாட்டாது.

இரண்டாவது, முகப்பை மாற்றுதல். அண்ட்ரொயிட் வகைப் பெட்டிகளில், கூகிளின் முகப்புக்குப் பதிலாக 'எஃப்-லோஞ்சர்' போன்ற திறந்த மூல முகப்பை இடலாம். அதிலே நாம் வைத்த செயலிகளின் சின்னங்கள் மட்டுமே வரிசையாக இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இராது.

மூன்றாவது, பெட்டியையே நாம் செய்து கொள்ளுதல். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி 2012 பெப்ரவரி 29ஆந் திகதி வெளிவந்த 'றாஸ்பெரி பை', உள்ளங்கையில் அடங்கும் கணினி. மாணாக்கர் கணினியைக் கற்பதற்கென்றே 35 டொலர் விலையில் முதலில் விற்கப்பட்டது. அதிலே 'லிப்ரே எலெக்' என்னும் சிறு இயக்க முறைமையை ஒரு நினைவக அட்டையில் எழுதிச் செருகினால், கணினி நேரே 'கோடி' என்னும் செயலியில் விழித்தெழும். பழைய கணினி ஒன்று மூலையிற் கிடந்தால் அதிலும் இதை இடலாம். கோடி 2002இல் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்கான படம் ஓட்டியாகத் தொடங்கி, 2014இல் இப்பெயரைப் பெற்றது. அதைப் பேணுவது இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு. நமது வன்றட்டில் உள்ள படங்கள், பாடல்கள், புகைப்படங்கள் அனைத்தையும் அது ஒழுங்காக அடுக்கிக் காட்டும். தொலைக்காட்சியின் ரிமோட்டே பெரும்பாலும் அதையும் இயக்கும். அதன் பட்டியல்களைத் தமிழிலும் வைத்துக் கொள்ளலாம்.

நான்காவது, வீட்டுக்கொரு களஞ்சியம். 'ஜெலிஃபின்' என்னும் மென்பொருளை வீட்டுக் கணினியொன்றில் இட்டால், அதிலுள்ள படங்களை வீட்டின் எந்தத் திரையிலும், எந்தக் கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம். இதன் பிறப்பும் அறியத்தக்கது. 'எம்பி' என்ற மென்பொருளின் மூலநிரலை அதன் உரிமையாளர் 2018இல் மூடிவிட்டனர். அதுவரை திறந்திருந்த பகுதியைத் தொண்டர்கள் எடுத்துக் கொண்டு, அவ்வாண்டு டிசம்பரில் ஜெலிஃபின் என்ற பெயரில் வளர்க்கத் தொடங்கினர். திறந்த மூலத்தின் பலம் இதுவே. ஒருவர் கதவைச் சாத்தினாலும், அதற்கு முன் திறந்திருந்ததை எவராலும் திரும்பப் பறிக்க முடியாது.

நமது குடும்பங்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கனடாவில் நடந்த கலியாணத்தின் படச்சுருள், இலண்டனிற் பிறந்த பேரனின் முதற் பிறந்தநாள், ஊர்க் கோயிற் தேர், அரங்கேற்றம், மறைந்த பெரியோரின் குரல் என்று ஒவ்வொரு வீட்டிலும் இறுவட்டுகளும் சிறு தட்டுகளும் பெட்டி பெட்டியாகத் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றைக் களஞ்சியத்தில் ஏற்றினால், விளம்பரம் ஏதும் குறுக்கிடாமல் பாட்டியும் பேரனும் ஒரே திரையில் பார்க்கலாம்.

ஐந்தாவது, வாயிற்காவல். இணையத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் உண்டு. அப்பெயருக்குரிய இலக்கத்தைத் தொலைபேசிப் புத்தகத்தைப் போன்ற ஒரு சேவையிடம் கேட்டே பெட்டிகள் அங்கே செல்லும். 'பை-ஹோல்' என்னும் மென்பொருளை வீட்டிலே நிறுவினால், அப்புத்தகம் நமது கைக்கு வந்துவிடும். விளம்பரக்காரரின் பெயரைப் பெட்டி கேட்டால், அப்படி ஒருவர் இல்லை என்று அது சொல்லிவிடும். ஒரே காவலாளி வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் காப்பான்.

எல்லைகளும் எச்சரிக்கையும்

இவ்வளவும் சொன்ன பின் குறைகளையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. பை-ஹோல் யூரியூப் விளம்பரத்தைத் தடுக்காது. அங்கே படமும் விளம்பரமும் ஒரே வாயிலால் வருகின்றன. நெற்ஃபிளிக்ஸ் போன்றவை தமது படங்களைப் பூட்டியே அனுப்புவதால், நாமே செய்த பெட்டியில் அவை உயர்ந்த தரத்தில் ஓடா. சில வேளை ஓடவே மாட்டா. அவற்றை விரும்பும் வீட்டார் ஒரு சாதாரணப் பெட்டியையும் வைத்துக் கொள்ள நேரும். நிறுவுவதற்கு ஒரு விடுமுறை நாளும், இடையிடையே புதுப்பிப்பதற்குப் பொறுமையும் வேண்டும்.

வேறொரு நியாயமும் உண்டு. விளம்பர வருமானத்தாலேயே வாழும் சிறு கலைஞரும் ஆசிரியரும் இருக்கின்றனர். அவர்களின் பாடத்தையும் பாட்டையும் விரும்பிப் பார்ப்பவர், விளம்பரத்தைத் தவிர்த்தால், சந்தாவாலோ நன்கொடையாலோ அவர்களுக்குரியதைச் சேர்ப்பிப்பதே முறை. அழையாமல் வீட்டுக்குள் புகுந்த வியாபாரியை வெளியேற்றுவது வேறு. உழைத்தவனின் கூலியை மறுப்பது வேறு.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. "எல்லாப் படமும் இலவசம், விளம்பரம் இல்லை" என்று சொல்லி, பெயர் தெரியாத மலிவான அண்ட்ரொயிட் பெட்டிகள் சந்தையில் விற்கப்படுகின்றன. கோடி செயலியின் பெயரையும் அவற்றின் மேல் ஒட்டி விற்பதுண்டு. கோடியை ஆக்குவோரோ படம் எதையும் தாம் வழங்குவதில்லை என்றும், திருட்டுப் பெட்டிகளுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றும் பலமுறை அறிவித்துள்ளனர். 'பாட்பொக்ஸ் 2.0' என்னும் தீய மென்பொருள் வலையைப் பற்றி 2025 யூனில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. எச்சரித்தது. அடுத்த மாதம் கூகிள் அவ்வலையினர் மீது வழக்குத் தொடுத்தபோது, பாதிக்கப்பட்ட கருவிகள் 1 கோடிக்கு மேற்பட்டவை என்றது. அவற்றுட் பல, வாங்கும்போதே உள்ளே கள்வனை வைத்து விற்கப்பட்டவை. வீட்டின் இணைய இணைப்பைப் பிறர் குற்றங்களுக்குப் பயன்படுத்துவதே அக்கள்வனின் தொழில். விளம்பரக்காரனுக்கு அஞ்சித் திருடனை வீட்டுக்குள் அழைத்த கதையாக இது முடியலாகாது. திறந்த மூல மென்பொருளை அதை ஆக்குவோரிடமிருந்தே நேராகப் பெறுக. எவரோ நிரப்பி விற்கும் பெட்டியிலிருந்து பெறற்க.

பூட்டப்படும் கதவுகள்

இவ்வழிகள் என்றும் திறந்தே இருக்கும் என்று எண்ணி வாளாவிருக்கவும் முடியாது. திவோ என்னும் பதிவுக் கருவி திறந்த மூலமான லினக்ஸ் மென்பொருளால் இயங்கிற்று. ஆனால் அதனை எவரேனும் திருத்தி இட்டால் கருவி ஓட மறுக்கும்படி செய்திருந்தனர். செய்முறையைக் கையில் தந்து, அடுப்பைப் பூட்டி வைத்தது போன்ற தந்திரம் இது. இதனைத் தடுக்கவே 2007இல் வெளிவந்த பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் புதிய விதிகள் சேர்க்கப்பட்டன. 2021 ஒக்ரோபரில், மேற்சொன்ன விசியோவின் தொலைக்காட்சியிலுள்ள திறந்த மூல மென்பொருளின் நிரலை வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று கோரி, மென்பொருள் சுதந்திரப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று கலிபோர்னியாவில் வழக்கிட்டது. 2025இல் அமேசன் வெளியிட்ட புதிய ஸ்ரிக் ஒன்றிலோ, 'வேகா' என்னும் புது இயக்க முறைமையை இட்டு, வெளியிலிருந்து செயலிகளைக் கொண்டு வந்து நிறுவும் வழியை அக்கொம்பனி அடைத்துவிட்டது.

ஆகவே இது விளம்பரத் தொல்லையைப் பற்றிய சிறு முறைப்பாடு மாத்திரம் அன்று. காசு கொடுத்து வாங்கி, நமது மின்சாரத்தால் இயக்கி, நமது கூடத்தில் வைத்திருக்கும் ஒரு பொருள், யாருடைய சொல்லைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதே இதிலுள்ள வினா. நமது சொல்லையே கேட்க வேண்டும் என்பது எமது துணிபு. அதற்குக் கூடுதலாகச் சிறிது பணமும் உழைப்பும் செலவாகுமெனில் அச்செலவு தகும்.

மாணாக்கரின் பங்கு இங்கேதான் உள்ளது. வீட்டிலே கணினியை அஞ்சாமல் திறப்பவர் அவர்களே. மூத்தோரிடம் குறை கேட்பதற்குப் பதிலாக, ஒரு விடுமுறையில் நினைவக அட்டை ஒன்றில் லிப்ரே எலெக்கை எழுதிப் பார்க்கட்டும். பிழைத்தால் அழித்து மீண்டும் எழுதலாம், பெட்டி கெடாது. அதன் மூலநிரலையும் திறந்து பார்க்கட்டும். தமிழ்ப் பட்டியல்களில் பிழையான சொல் கண்டால் திருத்தி அனுப்பட்டும். சகனாவை எழுதியவர்களும் வீ.எல்.சி.யை எழுதியவர்களும் ஒரு காலத்தில் இவ்வாறு தொடங்கியவர்களே.

பெற்றோருக்கு நாம் கூறுவது இது. அடுத்த முறை பெட்டியோ தொலைக்காட்சியோ வாங்கக் கடைக்குச் செல்லுமுன், விலைச்சீட்டைப் பார்ப்பதோடு நில்லாமல் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இணையம் இல்லாமல் இது இயங்குமா? விளம்பரத்தையும் கண்காணிப்பையும் இதில் அணைக்க முடியுமா? நாம் விரும்பும் மென்பொருளை இது ஏற்குமா? மூன்றுக்கும் இல்லை என்ற விடை வருமாயின், அவர் கேட்கும் விலை எவ்வளவு மலிவாயினும், மிகுதி விலையை நமது பிள்ளைகளே மாலைதோறும் கட்டப் போகின்றனர் என்பதை நினைவிற் கொள்வீர்களாக.